ஒஸ்வல்டின் முதுகுத் தகடு

மாலைதீவு
11 மார்ச் 2003

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் அரிசி, வெங்காய மூட்டைகளோடு சாமான் படகில் வந்து சேர்ந்தது. அண்ணனின் தகடு கிடைத்து வீட்டுக்கு வந்துவிட்டது என்ற வரியை வாசித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் வாசித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன ஆகஸ்ட்டில் திருகோணமலைக் கடலில் கடலட்டை எடுக்க இறங்கிய ஒஸ்வல்ட் அண்ணன் ஏறி வரவேயில்லை. ஆள் இல்லாமல், சிலிண்டரைத் தாங்க அவர் முதுகில் கட்டியிருந்த தகடு மட்டும் யாரோ ஒருவரின் வலையில் வந்திருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஒரு உதவி.

ஹோட்டல் விருந்தாளிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் எனக்கு முதலாளி கொடுத்திருப்பது ஒரு பழைய மிதவை ஜாக்கெட். நனைந்தால் சாக்கு மூட்டை மாதிரி உடம்பில் சுற்றிக்கொள்ளும். ஒரு ஜெர்மன்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய விங்கை எனக்கு விட்டுப்போவதாகச் சொல்லியிருக்கிறார். விங் என்பது காற்றடைக்கும் பை. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும். அதில் காற்றை விட்டால் மிதப்போம், திறந்துவிட்டால் தாழ்வோம். விங் கிடைத்தாயிற்று, தகடுதான் இல்லை. இரும்பா அலுமினியமா என்று இங்கே ஆளுக்கொரு பேச்சு. இந்தக் கடல் இளஞ்சூடு. மெல்லிய உடுப்புப் போதும், அதனால் ஆளைக் கீழே இறக்க அதிகப் பாரம் தேவையில்லை, அலுமினியமே நல்லது என்கிறார் ஒருவர். இங்குள்ள சிலிண்டர்கள் அலுமினியம், காற்றுத் தீரத்தீர மேலே தூக்கும், ஆகவே எவர்சில்வர் தகடு போட்டால் இடுப்பில் ஈயம் கட்டவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

அண்ணனின் தகடு மாத்தளையில் தேயிலை மெசின் திருத்தும் பட்டறையில் செய்த எவர்சில்வர். அதை எனக்கு அனுப்புவீர்களா? வெள்ளைக்காரர் ஒருவர் போட்டிருந்ததைப் பார்த்து, கையாலே படம் கீறிக் கொடுத்துச் செய்வித்தார். பிறகு ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடந்தார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அனுப்புமுன் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரே நீளப் பட்டி தகட்டின் துளைகள் வழியாக ஓடி, இரண்டு தோளையும் சுற்றி, இடுப்பில் ஒரே ஒரு பக்கிளில் முடியும். அந்தப் பட்டி எங்கேயாவது அறுந்திருக்கிறதா? பக்கிள் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?

நோபர்ட்


மாத்தளை
30 மார்ச் 2003

தம்பி,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். சேலைக் கடையில் பார்டர் பார்ப்பவளைப் போல் இரும்பா அலுமினியமா என்று எழுதுகிறவன் நன்றாகத்தான் இருப்பான்.

தகட்டைத் தர மாட்டேன். அது இப்போது என் தையல் மெசினுக்கு எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதைக் கொண்டுவந்தவர், அவரைத் தொழிலுக்குக் கூட்டிப்போன படகுக்காரர் அப்துல் ஸமத் நானா. வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். முதலில் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பிறகு மனது கேட்கவில்லை. நடுவில் நீளமாக ஒரு குழி, இரண்டு பக்கமும் தோள் மாதிரி வளைவு. துணி தைக்கிறவளுக்கு உடம்பின் அளவு கண்ணிலேயே இருக்கும். அது தகடு இல்லை, அவருடைய முதுகு. என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மழை இருட்டினால் அந்தப் பட்டி ஈரமாகிவிடுகிறது. எத்தனை தரம் நல்ல தண்ணீரில் அலசினாலும் உப்பு விடவில்லை. கீழே சொட்டிய தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. பக்கத்து வீட்டு வேலம்மா, "ஏங்க அக்கா, அத வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எப்புடித்தான் தூங்குறீங்க? ஒரு எலுமிச்சம்பழமாச்சும் கட்டித் தொங்க விடுங்க" என்கிறாள். "வேதக்காரிக்கு எதுக்கு எலுமிச்சம்பழம்?" என்று சிரித்துவிட்டு அவள் போனதும் ஜெபமாலையை அதில் மாட்டினேன். இரண்டும் ஒன்றுதான்.

நீ கேட்டதற்குப் பதில். பட்டி எங்கும் அறுபடவில்லை. பக்கிள் திறந்திருந்தது. ஸமத் நானா கொண்டுவந்தபோதே அப்படித்தான். காற்றுப் பை தையலோடு பிளந்து கிடந்ததால் வெட்டி வீசிவிட்டாராம். சிலிண்டர் அவருடையது, பழைய இரும்புச் சிலிண்டர், அவரே எடுத்துக்கொண்டார். தகட்டின் நடுவில் ஈயக் கட்டி ஒன்று போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறது.

இனி நான் கேட்பதற்கு நீ பதில் சொல். உன் அண்ணன் செத்துவிட்டாரா இல்லையா? பூசை வைக்கலாம், ஆனால் ஆதாரம் இல்லாமல் இறந்தவர் புத்தகத்தில் பேர் எழுத முடியாது என்று பாதர் சொல்கிறார். இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்று யாராவது உனக்குச் சொல்லுமுன் நானே சொல்கிறேன். பல்லேபொலயில் மிளகு அரைக்கும் மில் வைத்திருக்கும் அருள்மணி என்னைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். மனைவியை இழந்தவர். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? நான் யார் என்பதே எனக்குத் தெரியாது. பொட்டு வைத்தால் ஒருத்தி பார்க்கிறாள், வைக்காவிட்டால் இன்னொருத்தி பார்க்கிறாள்.

தகட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும் என்று நம்புகிறேன்.

ஜோசப்பின்


மாலைதீவு
20 ஏப்ரல் 2003, உயிர்த்த ஞாயிறு

அண்ணி, அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

சொல்கிறேன், கேளுங்கள். அந்தப் பக்கிள் தானாகத் திறக்காது. அலை அடித்தோ, மீன் கடித்தோ, பாறையில் உரசியோ திறக்கிற சாமான் இல்லை அது. நாக்கைப் பிடித்து வெளியே இழுக்க ஒரு கை வேண்டும். எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். தண்ணீருக்கடியில் உயிருக்கு ஆபத்து என்றால் பக்கிளை இழு, தோளை நெளித்து வெளியே வா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே போ. பட்டியை அறுக்கவில்லை, பக்கிளைத் திறந்திருக்கிறார். அதாவது பதறாமல், நிதானமாக, புத்தியோடு கழற்றியிருக்கிறார்.

ஏன் கழற்றினார் என்பதும் எனக்கு விளங்குகிறது. இரும்புச் சிலிண்டர், தடித்த தகடு, அதற்கு மேல் போல்ட் போட்ட ஈயம். அந்தச் சூட்டுத் தண்ணீரில் அவர் போட்டிருந்தது வெறும் மெல்லிய சட்டை, ஆளை மிதக்க வைக்காது. இத்தனை பாரத்தையும் தாங்கியது அந்த ஒரு காற்றுப் பைதான். அது பிளந்ததும் கல்லாய் இறங்கியிருப்பார். வேறு யாராவது என்றால் ஈயப் பட்டியை மட்டும் அவிழ்த்துப் போட்டிருப்பார்கள். இவருக்கு அவிழ்க்க வழியில்லை, எல்லாம் தகட்டோடு ஒட்டியிருந்தது. ஆகவே எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார். கழற்றிய ஆள் மேலே வந்தே தீருவார். வந்தவரை ஏதோ ஒரு படகு ஏற்றியிருக்கும். அந்தக் கடலில் நேவி, மற்றவர்கள் என்று யார் யாரோ திரிகிறார்கள். எங்கே வைத்திருக்கிறார்களோ, இந்தியாவுக்கே கொண்டுபோனார்களோ. சண்டை நின்று சமாதானம் வந்துவிட்டதே, இனி விடுவார்கள்.

இன்னொன்று. இதை யாருக்கும் சொல்லவில்லை. கூட்டிப்போன விருந்தாளிகளைத் தண்ணீருக்குள் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது என் வேலை. சில மாதமாக எண்ணும்போது ஒருவர் அதிகமாக வருகிறார். திரும்ப எண்ணினால் சரியாக இருக்கும். அந்த அதிகப்படி ஆள் எப்போதும் எனக்கு முன்னால் கொஞ்சம் கீழே போகிறார். முதுகுதான் தெரியும். முதலில் பயந்தேன். இப்போது பயமில்லை. செத்தவர்கள் அப்படி நீந்துவதில்லை அண்ணி, அவ்வளவு நிதானமாக.

மில்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். புருசன் உயிரோடிருக்க இன்னொருவரின் பேச்சு அந்த வீட்டில் எதற்கு?

நோபர்ட்


மாத்தளை
12 மே 2003

தம்பி,

அருள்மணிக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். நேரே மில்லுக்குப் போய்ச் சொன்னேன். மிளகுத் தூள் காற்றில் பறந்து தும்மித் தும்மிச் சொன்னதால் அழுதேனா தும்மினேனா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. "சரிங்க. அவர் திரும்பி வந்தா எனக்கும் சந்தோசந்தாங்க" என்றார். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டேன். கிறீச் என்ற சத்தத்தைக் கேட்டு அவர் தயங்கக் கூடாது என்று. யோசித்துப் பார், எப்படிப்பட்ட பைத்தியம். இத்தனை மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழப் பழகிக்கொண்டிருந்தேன். நீ எழுதிய பிறகு அழக்கூட வழியில்லை. உயிரோடிருக்கிறவரை நினைத்து அழுதால் தரித்திரம். பஸ்ஸில் யாராவது முன் சீட்டில் அகன்ற முதுகோடு உட்கார்ந்தால் அவர் இறங்கும் இடத்தில் நானும் இறங்குகிறேன். ஒரு நாள் அப்படி அலுவிகாரையில் இறங்கி, யாரோ ஒரு சிங்கள மாத்தயாவின் பின்னால் அவர் வீட்டுக் கேட் வரை போய்விட்டேன். "மொகத மிஸ்?" என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். வழி தவறிவிட்டது என்றேன்.

இதையும் சொல்கிறேன், சிரிக்காதே. போன செவ்வாய் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அந்தத் தகட்டை ஆணியிலிருந்து இறக்கி முதுகில் போட்டுக்கொண்டேன். நீ எழுதியது சரியா என்று பார்க்கத்தான். ஒரு கையைப் பட்டிக்குள் விட்டேன், மற்றக் கையையும் விட்டேன். கால் நடுவால் வருகிற தனிப் பட்டியை இழுத்து அதன் வளையத்துக்குள் இடுப்புப் பட்டியைக் கோத்துப் பக்கிளைப் பூட்டினேன். பட்டி எனக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது. ஆனால் பூட்டியதும் முதுகில் சில்லென்று ஒட்டியது. அவர் பின்னால் வந்து கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது தம்பி. நான் அசையவில்லை. அப்படியே நின்றேன். பிறகு அந்தச் சில்லிப்பு என் சூட்டில் போய்விட்டது, இரும்பு இரும்பானது. பக்கிளை இழுத்தேன். உடனே திறக்கவில்லை. நான் இரண்டு கையாலும் இழுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது. உலர்ந்த வீட்டுக்குள், வெளிச்சத்தில், மூச்சு முட்டாமல் நிற்கிற எனக்கே இரண்டு கை வேண்டியிருந்தால், அவர் எப்படித் திறந்தார்? நீ பயிற்சியைப் பற்றி எழுதினாய். உன் அண்ணன் எந்தப் பள்ளிக்கூடத்தில் பயின்றார்? சுது கங்கையில் குதித்துப் பழகிய ஆள். "கடலுக்கு நம்ம ஊரு தெரியாதுடி, அதான் நம்மள ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

திருகோணமலைக்குப் போகப் போகிறேன். தகட்டை வலையில் எடுத்தவர் யார் என்று ஸமத் நானாவிடம் விசாரித்திருக்கிறேன். பேர் நடராஜா என்கிறார். அவரையே கேட்பேன்.

ஜோசப்பின்


மாலைதீவு
15 ஜூன் 2003

அண்ணிக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. ஆனால் செய்தி வராமல் இல்லை. பக்கத்துத் தீவில் சமையற்கட்டில் வேலை செய்யும் நம்மூர்க் கணபதி லீவு முடிந்து வந்திருக்கிறான். விடியற்காலை அருள்மணியின் வேன் உங்கள் வாசலில் நின்றதையும், நீங்கள் ஒரு பையோடு ஏறிப்போனதையும் பார்த்தானாம். மில்லுக்கே போய் இல்லை என்று சொன்னதாக எழுதினீர்கள். வேனில் ஏறிப்போய்த் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்ததா?

நான் ஸ்கூலுக்குப் போகும்போது எனக்குச் சட்டை தைத்துப்போட்டவர் நீங்கள். உங்களிடம் இப்படிக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். அண்ணன் நாளைக்கே வந்து நின்றால் அவருக்கு நான் என்ன சொல்வது?

தகடு இனி வேண்டாம். அலுமினியத்தில் ஒன்று வாங்கிவிட்டேன். ஜெர்மன்கார அம்மாவின் விங்கைப் பூட்டி ஒரு தரம் இறங்கிப் பார்த்தேன். லேசாக இருக்கிறது. அவ்வளவு லேசாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நோபர்ட்


மாத்தளை
6 ஜூலை 2003

நோபர்ட்,

வேனில் ஏறினேன். அருள்மணிதான் ஓட்டினார். நான் திருகோணமலைக்குப் போகிறேன் என்று வேலம்மா அவர் காதில் போட்டிருக்கிறாள். "தம்புள்ளையில பஸ் மாறி, ஹபரணையில காத்து நின்னு, தனியாப் போக வேணாங்க. கேக்க வேண்டியத நீங்க கேட்டுட்டு வாங்க. என்ன பதில் வந்தாலும் வீட்டுல கொண்டாந்து விடுறது என் பொறுப்பு" என்றார். போகும்போதும் வரும்போதும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே நான் நடராஜாவோடு பேசிய நேரமெல்லாம் வேனை விட்டு இறங்கவுமில்லை. கணபதிக்கு இதையும் சொல்லிவிடு, ஊர் வாயை உலைமூடியால் மூட முடியாது என்பது எனக்குத் தெரியும், உன் வாயையாவது மூடு.

இனி மற்றதை எழுதுகிறேன். உட்கார்ந்து வாசி.

நடராஜா ஐம்பது தாண்டிய மனிதர். சின்னத் தோணி வைத்து வலை போடுகிறவர். நான் யார் என்று சொன்னதும் முகம் கறுத்துவிட்டது. வலையில் தகடு வந்தது, ஸமத் நானாவுக்குக் கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான் என்றார். அதையே மூன்று விதமாகச் சொன்னார். நான் எழும்பவில்லை. அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. பாவம் எங்கட தலையில கிடக்குது" என்றாள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஐயா, உங்க வலையில வந்தப்ப அந்தப் பக்கிள் திறந்தா இருந்துச்சு?"

"பூட்டித்தான் கிடந்தது. நான்தான் பிள்ள கழட்டினன். உப்பில இறுகிப்போய், கத்திப் பிடியால தட்டித் தட்டித்தான் திறந்தன்."

"ஏன் கழட்டினீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "இடுப்பில கட்டோட ஒரு மனிசனை மண்ணுக்க வைக்கலாமோ? அரைஞாண் கயிறையே அறுத்துப்போட்டுத்தானே அனுப்புறம். உங்கட ஆக்கள் வேதக்காரர், உங்களுக்கு அந்த முறை இருக்கோ தெரியாது. எனக்குத் தெரிஞ்ச மரியாதை அதுதான். பட்டியை வெட்ட மனம் வரேல்ல, ஒருத்தற்ற சாமான். அதால பூட்டைத் திறந்து கழட்டினன்."

தகடு தனியாக வரவில்லை தம்பி. அவர் அதிலேயே இருந்தார். காணாமற்போய் ஒரு மாதத்துக்குப் பிறகு, ஸமத் நானாவின் படகெல்லாம் தேடி முடித்த பிறகு, அந்த மனிதரின் வலையில் அகப்பட்டிருக்கிறார். "எப்படி இருந்தார்?" என்று கேட்டேன். "சட்டைக்குள்ள இருந்தவர்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரே சொன்னது, சட்டையின் கக்கத்தில் வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்டுப் பொடித் தையல் தைத்திருந்ததாம். ஸ்கூல் யூனிபோம் தைத்து மிஞ்சிய துணி அது. நான் போட்ட ஒட்டு. அவரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

பொலிசுக்குச் சொன்னால் நேவி வரும், நேவி வந்தால் மற்றவர்களும் வருவார்கள், செத்தது யார், எந்தப் பக்கம், நீ ஏன் அங்கே வலை போட்டாய் என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள் என்று பயந்திருக்கிறார். தகட்டையும் பல மாதம் ஒளித்து வைத்த பிறகுதான் ஸமத் நானாவிடம் சேர்ப்பித்திருக்கிறார். சமாதானம் என்று பேப்பரில் போட்டதை நம்புகிற வயதை அவர் தாண்டிவிட்டார். அவரும் மனைவியும் கரையில் தாழம்புதருக்குப் பின்னால் குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். அடையாளம் ஒன்றும் போடவில்லை. அந்த இடத்தைக் காட்டினார். சிலுவை நடலாமா என்று கேட்டேன். கும்பிட்டு, வேண்டாம் என்றார். மூன்று பெண்பிள்ளைகள் இருக்கிறார்களாம். நான் வற்புறுத்தவில்லை. மணலைத் தடவிவிட்டு வந்தேன்.

நீ உயிர்த்த ஞாயிறன்று எழுதியதை நான் குறை சொல்லமாட்டேன். பக்கிளைத் திறக்க ஒரு கை வேண்டும் என்றாய். கை இருந்தது. அவருடையது இல்லை, அவ்வளவுதான். நம் இரண்டு பேரையும் இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது ஒரு அந்நிய மனிதர் செத்தவருக்குச் செய்த மரியாதை.

வீட்டுக்கு வந்து தகட்டைப் பார்த்தேன். ஆணியில் ஒரு இரும்புத் துண்டு தொங்கியது. முதுகைக் காணோம். மழை பெய்தது, பட்டி சொட்டியது, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பயமாவது இருந்ததே தம்பி, அதுவும் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. பாதரிடம் எல்லாம் சொன்னேன். நடராஜாவின் கையெழுத்து வேண்டும் என்றார். அவர் போடமாட்டார், நான் கேட்கவும் மாட்டேன். அப்படியானால் கடல் தொழில் தெரிந்த, அவருக்கு நெருங்கிய ஒருவர், அவர் ஏன் உயிரோடிருக்க முடியாது என்று எழுதித் தந்தால் தனக்கு மேலே உள்ள மேற்றிராணியாருக்கு அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்கிறார். அப்படி உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான். அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதியவனும் அவன்தான்.

இது அருள்மணிக்காக இல்லை. அவருக்கு ஆம் சொல்வதும் சொல்லாததும் பிறகு பார்க்கலாம், அவரும் அவசரப்படவில்லை. முதலில் நான் விதவையாக வேண்டும். புத்தகத்தில் பேர் எழுதி, பூசை வைத்து, கறுப்புக் கட்டி, நாலு பேர் வந்து என் கையைப் பிடிக்க நான் அழ வேண்டும். வீதியில் போகிற முதுகுகளுக்குப் பின்னால் இனிப் போக என் காலுக்குப் பலமில்லை.

எழுதுவாயா?

ஜோசப்பின்


மாலைதீவு
3 ஆகஸ்ட் 2003

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. வேன் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்பதை ஒரு வரியில் முடிக்கிறேன், நீளமாகக் கேட்டால் நீங்கள் இன்னும் திட்டுவீர்கள். என் வாய்க்கொழுப்பு, அண்ணி.

பாதருக்கு எழுத உட்காரும்போதெல்லாம் பேனை ஓடவில்லை. 'என் அண்ணன்' என்று எழுதுவேன், அதற்கு அடுத்த சொல் வராது. மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். விருந்தாளி யாராவது வந்து, நான் என்ன பிளேட் வாங்குவது, என்ன விங் வாங்குவது என்று கேட்டால் சொல்வது போல எழுதினேன். அப்போது வந்தது.

சூடான கடலில் மெல்லிய சட்டையோடு இறங்குகிறவர், இரும்புச் சிலிண்டர் போட்டால் தகடு லேசாக இருக்க வேண்டும். தகடு கனமாக இருந்தால் சிலிண்டர் அலுமினியமாக இருக்க வேண்டும். இரண்டும் கனம் என்றால் ஈயம் ஒரு துண்டும் கூடாது. ஈயம் வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் கழன்று விழுகிற மாதிரி இருக்க வேண்டும், தகட்டில் போல்ட் போட்டு முடுக்கக் கூடாது. காற்றுப் பை இத்தனை பாரத்தையும் தாங்க வேண்டும், அது கைவிட்டால் காலால் உதைத்தே மேலே வரக்கூடிய அளவுக்குத்தான் ஆள் மேல் பாரம் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிழையானாலும் தப்பலாம். இவ்வளவும் ஒன்றாகப் பிழையான ஒரு செட்டை இவர் போட்டிருந்தார், பை தையலோடு பிளந்திருந்தது, இடுப்புப் பக்கிள் பூட்டியபடியே கிடைத்தது. அதைப் பூட்டியபடி இருந்த மனிதர் மேலே வந்திருக்க முடியாது. இப்படி எழுதி, கடைசியில், ஆகவே என் அண்ணன் இறந்துவிட்டார் என்று எழுதினேன். நடராஜாவின் பேரை எழுதவில்லை. பக்கிள் பூட்டியிருந்ததை, வலையில் எடுத்தவர் வாயாலேயே என் அண்ணி கேட்டார் என்று மட்டும் இருக்கிறது. சட்டை ஒட்டைப் பற்றி நீங்கள் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டைத் திறக்காமல் ஏன் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. மயங்கிவிட்டாரோ, கை எட்டவில்லையோ. அதை எழுதவில்லை. தெரியாததை எழுதி ஒருமுறை உங்களைப் படுத்தியது போதும்.

அலுமினியத் தகட்டோடு தினமும் இறங்குகிறேன். சின்ன விங், ஒற்றைச் சிலிண்டருக்கு அது தாராளம். ஆட்களை எண்ணுகிறேன், சரியாக வருகிறது. திரும்பத் திரும்ப எண்ணுகிறேன், அப்போதும் சரியாகத்தான் வருகிறது. நீங்கள் பயம் போய்விட்டது என்று எழுதியது எனக்கு அங்கேதான் விளங்கியது. நேற்று விருந்தாளிகள் எல்லோரையும் படகில் ஏற்றிவிட்டு, ஏதோ மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி மறுபடியும் இறங்கினேன். கீழே யாருமே இல்லை. முகக் கண்ணாடிக்குள் அழுதால் தண்ணீர் வெளியே போகாது, கண்ணாடிக்குள்ளேயே நிற்கும். கண் தெரியாமல் தட்டுத் தடுமாறி மேலே வந்தேன்.

அருள்மணி அண்ணனை நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். வேன் ஓட்டியதற்கு நன்றி என்றும் சொல்லுங்கள். நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் எனக்கு நீங்கள் அண்ணிதான், அதை மாற்ற எந்தப் பாதராலும் முடியாது.

பாதருக்கு எழுதியதை ஒட்டாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்குமுன் நீங்கள் வாசியுங்கள். வேலம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரி வரை வாசியுங்கள். வாசித்துவிட்டு அழுங்கள் அண்ணி.

நோபர்ட்